பிஸ்டனில் வால்வு பாக்கெட்: வெட்ட அரை மணி நேரம், அளக்க ஒரு நாள்

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பிஸ்டனின் தலையில் பிறை மாதிரி இரண்டு பள்ளம் இருக்கும். நாலு வால்வு எஞ்சின் என்றால் நாலு இருக்கும். பட்டறையில் இதை வால்வு பாக்கெட் என்பார்கள். வால்வு திறந்து சிலிண்டருக்குள் இறங்கி நிற்கிற நேரத்தில் பிஸ்டனும் மேலே வந்தால், இரண்டும் மோதாமல் இருப்பதற்காக விட்ட இடம் அது.

கம்பெனி பிஸ்டனில் இருக்கிற பாக்கெட், கம்பெனி காம் ஷாஃப்ட்டுக்குக் கணக்குப் போட்டு வைத்தது. ரேஸுக்காக வேறு காம் போட்டால், ஹெட்டை மட்டம் தட்டிக் கொஞ்சம் எடுத்தால், பெரிய வால்வு போட்டால் அந்தக் கணக்கு செல்லாது. பாக்கெட்டை ஆழப்படுத்த வேண்டி வரலாம். வேண்டியிராமலும் போகலாம். இதில் எது என்பதை அளந்துதான் சொல்ல முடியும், பார்த்துச் சொல்ல முடியாது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மீதி எல்லாம் எப்படி அளப்பது, எவ்வளவு வெட்டுவது, வெட்டினால் எதை இழக்கிறோம் என்கிற விவரம்.

இதை இப்போது எழுதக் காரணம், டிராக்கில் ஓட்ட ஆரம்பித்திருக்கிற ஒரு தம்பி. 150 சி.சி. பைக், காற்றில் குளிரும் எஞ்சின், இரண்டு வால்வு. ஹை லிஃப்ட் காம் வாங்கிவிட்டார். "அண்ணா, லேத்துல குடுத்தா ஒரு மில்லி எடுத்துத் தர்றேங்கிறாங்க. எடுத்துரலாமா?" என்று கேட்டார். ஏன் ஒரு மில்லி, ஏன் ஒன்றரை இல்லை, ஏன் அரை இல்லை என்று திருப்பிக் கேட்டேன். "எல்லாரும் அவ்வளவுதான் எடுக்கிறாங்க" என்றார். அந்த எஞ்சினை இரண்டு பேரும் உட்கார்ந்து அளந்தோம். அந்த எண்களையே கீழே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

இரண்டும் எங்கே நெருங்குகின்றன

வால்வு முழுசாகத் திறந்திருக்கும்போதுதான் பிஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. வால்வு முழுசாகத் திறந்திருக்கிற நேரத்தில் பிஸ்டன் சிலிண்டரில் வெகு கீழே இருக்கும். ஆபத்து எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிந்து இன்டேக் ஸ்ட்ரோக் தொடங்குகிற சந்தியில்தான். அப்போது பிஸ்டன் உச்சிக்கு, அதாவது டிடிசிக்கு வருகிறது. எக்ஸாஸ்ட் வால்வு இன்னும் மூடி முடியவில்லை. இன்டேக் வால்வு திறக்க ஆரம்பித்துவிட்டது. இந்த நேரத்தை ஓவர்லாப் என்கிறோம். ரேஸ் காமில் இந்த ஓவர்லாப் நீளம், லிஃப்ட்டும் அதிகம்.

பிஸ்டன் டிடிசி பக்கத்தில் எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று ஒரு கணக்குப் போட்டால் விஷயம் புரியும். ஸ்ட்ரோக் 58 மி.மீ., கனெக்டிங் ராடு 100 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். டிடிசியிலிருந்து கிராங்க் 5 டிகிரி திரும்பினால் பிஸ்டன் இறங்குவது 0.14 மி.மீ. மட்டும். 10 டிகிரியில் 0.57 மி.மீ. 20 டிகிரியில்தான் 2.2 மி.மீ. அதாவது உச்சியில் பிஸ்டன் கிட்டத்தட்ட நின்றுகொண்டிருக்கும்போது வால்வுகள் மட்டும் வேகமாக நகர்ந்துகொண்டிருக்கின்றன.

அதனால் மிகக் குறைந்த இடைவெளி டிடிசியிலேயே வருவதில்லை. எக்ஸாஸ்ட் வால்வுக்கு டிடிசிக்கு முன்னால் சுமார் 10 டிகிரி வாக்கில் வரும். இன்டேக் வால்வுக்கு டிடிசிக்குப் பின்னால் அதே அளவில் வரும். காமைப் பொறுத்து இது முன்பின் மாறும். டிடிசியில் மட்டும் அளந்துவிட்டு "இடம் இருக்கு" என்று மூடிவிடுகிறவர்கள் தவறான இடத்தில் அளக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்க. எக்ஸாஸ்ட் பக்கம் வால்வு மேலே போய்க்கொண்டிருக்கிறது, பிஸ்டன் அதைத் துரத்திக்கொண்டு வருகிறது. ஸ்ப்ரிங் கொஞ்சம் சோர்ந்து வால்வு தாமதமாக மூடினால் பிஸ்டன் பிடித்துவிடும். இன்டேக் பக்கம் துரத்துவது வால்வு, விலகி ஓடுவது பிஸ்டன். போதாததற்கு எக்ஸாஸ்ட் வால்வு அதிகச் சூடாகி நீள்கிறது. அதனால்தான் எக்ஸாஸ்ட்டுக்கு எப்போதும் கூடுதல் இடம் விடுகிறோம்.

இடைவெளியைத் தின்பவை

காம் லிஃப்ட் மட்டும் காரணம் என்று நினைக்க வேண்டாம். பட்டியல் போட்டால்:

1. ஓவர்லாப்பில் அதிகம் தூக்குகிற காம். உச்ச லிஃப்ட்டை விட டிடிசியில் எவ்வளவு லிஃப்ட் என்பதுதான் முக்கியம். ஒரே உச்ச லிஃப்ட் உள்ள இரண்டு காம்களில் ஒன்று பிஸ்டனைத் தொடும், இன்னொன்று தொடாது.

2. காம் டைமிங்கை முன்னே தள்ளினால் இன்டேக் வால்வு பிஸ்டனை நெருங்கும். பின்னே தள்ளினால் எக்ஸாஸ்ட் வால்வு நெருங்கும்.

3. ஹெட்டையோ சிலிண்டர் மேல் முகத்தையோ மட்டம் தட்டுவது, மெல்லிய கேஸ்கட் போடுவது.

4. பெரிய வால்வு. இதில் ஆழம் மட்டுமில்லை, சுற்றளவும் பாக்கெட்டின் ஓரத்தில் இடிக்கும்.

மூன்றாவதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. காம் ஷாஃப்ட் ஹெட்டில் உட்கார்ந்து செயினில் ஓடுகிற எஞ்சினில், ஹெட் கீழே இறங்கினால் காம் டைமிங்கும் மாறும். செயினின் இழுபடும் பக்கத்து நீளம் மாறாது இல்லையா? அதனால் ஹெட் இறங்கிய அளவுக்கு காம் பின்தங்கும். ஸ்ப்ராக்கெட்டின் ஆரம் 25 மி.மீ. என்றால், 0.5 மி.மீ. எடுத்ததற்கு காமில் சுமார் 1.15 டிகிரி, கிராங்க்கில் 2.3 டிகிரி பின்தங்கும். எக்ஸாஸ்ட் வால்வு இன்னும் தாமதமாக மூடும். ஹெட் இறங்கியதால் ஒரு இழப்பு, டைமிங் பின்தங்கியதால் இன்னொரு இழப்பு. எக்ஸாஸ்ட் பக்கம் இரண்டு தரம் அடி வாங்குகிறது.

எவ்வளவு இடம் வேண்டும்

எஞ்சின் கட்டுகிறவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிற அளவு: எஃகு கனெக்டிங் ராடு உள்ள எஞ்சினில் இன்டேக்குக்கு 2 மி.மீ., எக்ஸாஸ்ட்டுக்கு 2.5 மி.மீ. அலுமினிய ராடு என்றால் இன்னும் கூட்டுவார்கள், ஏன்னா அது அதிகம் நீளும். வால்வின் ஓரத்தைச் சுற்றி 1.25 மி.மீ. குறையாமல் இருக்க வேண்டும்.

இந்த அளவுகள் பெரிய எஞ்சின்களில் பழகி வந்தவை. சின்ன பைக் எஞ்சினில் இதைவிடக் குறைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. அவர்கள் தங்கள் ஸ்ப்ரிங் எத்தனை ஆர்.பி.எம். வரை தாங்கும் என்று தெரிந்து, எஞ்சினைப் பலமுறை பிரித்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தவர்கள். முதல் தடவை கட்டுகிறவர் அங்கிருந்து ஆரம்பிக்கக் கூடாது. நான் 2, 2.5 என்றுதான் ஆரம்பிப்பேன்.

மேசையில் வைத்து அளக்கும்போது 2.5 மி.மீ. என்பது ரொம்பத் தாராளமாகத் தோன்றும். ஆனால் 9,000 ஆர்.பி.எம்.மில் கிராங்க் 10 டிகிரி திரும்ப ஆகிற நேரம் 0.19 மில்லி செகண்டுக்கும் குறைவு. அந்த வேகத்தில் ராடு நீள்கிறது, பேரிங்கில் இருக்கிற இடைவெளி முழுக்க மேல் பக்கம் போகிறது, பிஸ்டன் சிலிண்டருக்குள் இப்படியும் அப்படியும் சாய்கிறது, செயின் அதிர்கிறது, வால்வு சூட்டில் நீள்கிறது, ஸ்ப்ரிங் பின்தங்குகிறது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்னதுதான். எல்லாம் ஒரே திசையில் சேர்கிற ஒரு கணத்துக்காகத்தான் அந்த 2.5.

அளக்கும் முறை ஒன்று: களிமண்

குழந்தைகள் விளையாடுகிற கலர் க்ளே போதும். பிஸ்டன் தலையில் பாக்கெட் இருக்கிற இடங்களில் சுமார் 5 மி.மீ. கனத்துக்கு ஒட்ட வேண்டும். வால்வின் முகத்தில் எண்ணெய் தடவ வேண்டும், இல்லாவிட்டால் க்ளே வால்வோடு போய்விடும். ஏற்கெனவே அமுங்கிய பழைய கேஸ்கட்டைப் போட்டு ஹெட்டை முழு டார்க்கில் முறுக்க வேண்டும். டைமிங் செயின், டென்ஷனர் எல்லாம் ஓடும்போது இருக்கிற மாதிரியே பூட்ட வேண்டும். டேப்பெட் கிளியரன்ஸைச் சுழியத்தில் வைத்து அளந்தால், வரும் எண் உண்மையைவிடக் கொஞ்சம் குறைவாக வரும். அது நமக்குப் பாதுகாப்பான பக்கம்.

பிறகு கிராங்க்கை ஸ்பேனரால், ஓடுகிற திசையிலேயே, மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். எங்காவது நின்றால் அழுத்தக் கூடாது. நின்றதே ஒரு பதில்தான்.

ஹெட்டைக் கழற்றி, க்ளேயைப் பிளேடால் குறுக்கே வெட்டி, மிக மெல்லிய இடத்தை அளக்க வேண்டும். ஆழம் மட்டும் பார்க்காமல் வால்வின் ஓரம் பதிந்த இடத்துக்கும் பாக்கெட் சுவருக்கும் நடுவில் எவ்வளவு இருக்கிறது என்றும் பாருங்க. க்ளேயின் பலமே அதுதான், சுற்றியும் காட்டிவிடும்.

டீசல் எஞ்சின் பார்க்கிற மெக்கானிக்குகள் பம்பிங் கிளியரன்ஸ் பார்க்க ஈயக் கம்பி வைத்து நசுக்கி அளப்பார்களே, அதே யோசனைதான் இது. ஈயம் வேண்டாம், அது வால்வை அழுத்தும்.

ஹைட்ராலிக் லிஃப்டர் உள்ள கார் எஞ்சினில் ஒரு எச்சரிக்கை. லிஃப்டர் அமுங்கி, வால்வு முழுசாகத் திறக்காமல் போகும். இடம் நிறைய இருப்பதுபோலப் பொய்க் கணக்கு வரும். அளக்கிற நேரத்துக்கு மட்டும் அமுங்காத லிஃப்டர் போட வேண்டும்.

அளக்கும் முறை இரண்டு: டயல் கேஜ்

எனக்கு நம்பிக்கை இதில்தான் அதிகம். வால்வு ஸ்ப்ரிங்கை எடுத்துவிட்டு, விரலால் அழுத்தினால் அமுங்குகிற மெல்லிய ஸ்ப்ரிங் போட வேண்டும். கிராங்க்கில் டிகிரி சக்கரம் மாட்ட வேண்டும். ஒரு தகட்டில் பிரின்ட் எடுத்து ஒட்டினாலே போதும். வால்வு ரிட்டெய்னர் மேல் டயல் கேஜை, வால்வு நகரும் அதே கோணத்தில் நிறுத்த வேண்டும்.

டிடிசியைக் கண்ணால் பிடிக்க முயல வேண்டாம். மேலே சொன்ன கணக்கை நினைத்துப் பாருங்க, 5 டிகிரிக்கு 0.14 மி.மீ.தான் நகர்கிறது. ஸ்பார்க் பிளக் துளையில் ஒரு ஸ்டாப்பர் போட்டு, பிஸ்டன் அதில் முட்டுகிற வரைக்கும் ஒரு பக்கம் திருப்பிக் குறித்துக்கொண்டு, மறுபக்கமும் திருப்பிக் குறித்து, இரண்டுக்கும் நடுவை எடுப்பதுதான் சரி. முட்டுவது லேசாக இருக்கட்டும்.

பிறகு ஸ்டாப்பரைக் கழற்றிவிட்டு, டிடிசிக்கு 20 டிகிரி முன்னாலிருந்து 20 டிகிரி பின்னால் வரை, 2 டிகிரிக்கு ஒரு முறை நிறுத்தி, வால்வைக் கையால் பிஸ்டனைத் தொடும் வரை அமுக்கி, கேஜில் எவ்வளவு ஓடுகிறது என்று எழுத வேண்டும். இரண்டு வால்வுக்கும் சேர்த்து நாற்பதுக்கு மேல் எண்கள் வரும். அலுப்பான வேலைதான். ஆனால் எந்த டிகிரியில் எவ்வளவு என்று படம் மாதிரி தெரிந்துவிடும்.

தம்பியின் எஞ்சினில் வந்தது இது: இன்டேக்கில் மிகக் குறைந்தது 2.1 மி.மீ., டிடிசிக்கு 12 டிகிரி பின்னால். எக்ஸாஸ்ட்டில் 1.2 மி.மீ., டிடிசிக்கு 8 டிகிரி முன்னால்.

ஆக, இன்டேக் பாக்கெட்டைத் தொடவே தேவையில்லை. எக்ஸாஸ்ட்டில் 1.3 மி.மீ. வேண்டும். "இரண்டிலும் ஒரு மில்லி" என்று எடுத்திருந்தால், வேண்டாத இடத்தில் வெட்டி, வேண்டிய இடத்தில் 0.3 குறைய விட்டிருப்போம்.

வெட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள்

முதல் கேள்வி: வெட்டாமல் தீர்க்க முடியுமா? காம் ஸ்ப்ராக்கெட்டில் துளையை நீட்டி டைமிங்கை ஒன்றிரண்டு டிகிரி முன்னே நகர்த்தினால் எக்ஸாஸ்ட்டுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும், ஆனால் இன்டேக்கில் குறையும். தம்பிக்கு இன்டேக்கில் 0.1தான் மிச்சம், அதனால் இந்த வழி இல்லை. கனமான கேஸ்கட் போட்டால் இரண்டுக்கும் இடம் கிடைக்கும், ஆனால் கம்ப்ரெஷன் போய்விடும், பிஸ்டன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவே கலவையை நசுக்கித் தள்ளுகிற வேலையும் கெடும்.

இரண்டாவது: பிஸ்டன் தலையில் அவ்வளவு சதை இருக்கிறதா? பிஸ்டனைக் கவிழ்த்து, உள்பக்கத்திலிருந்து பாக்கெட்டின் அடி வரை கனம் அளக்க வேண்டும். வெர்னியர் அங்கே போகாது, வளைந்த கால் உள்ள காலிப்பர் வேண்டும். உள்ளே ரிப் இருக்கும், ரிப்பின் மேல் அளந்து ஏமாற வேண்டாம், மெல்லிய இடத்தில் அளக்க வேண்டும். வெட்டிய பிறகு 5 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும் என்பது நான் பிடித்துக்கொள்கிற எல்லை. அலுமினியம் சூட்டில் பலம் இழக்கும் உலோகம். அதிலும் சாதாரண பைக்குகளில் வருவது வார்ப்பு பிஸ்டன், அடித்துச் செய்த ஃபோர்ஜ்டு பிஸ்டன் மாதிரி வளைந்து கொடுக்காது, உடையும். தம்பியின் பிஸ்டனில் பாக்கெட்டுக்குக் கீழே 6.8 மி.மீ. இருந்தது. 1.3 போனால் 5.5. போகலாம்.

தலையின் கனத்தோடு இன்னொரு இடத்தையும் பார்க்க வேண்டும்: பாக்கெட்டின் வெளி ஓரம் மேல் ரிங் பள்ளத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று. ஆழமும் அகலமும் கூடும்போது முதலில் மெலிவது அந்த மூலைதான். பேப்பரில் அளவோடு வரைந்து பார்த்துவிடுங்க.

மூன்றாவது: நீங்கள் ஓட்டுகிற கிளாஸில் இதற்கு அனுமதி உண்டா? பிஸ்டனைத் தொடவே கூடாது என்கிற கிளாஸ்கள் உண்டு. விதிப் புத்தகத்தைப் படிக்காமல் உலோகத்தில் கை வைக்க வேண்டாம்.

வெட்டுவது

நல்ல வழி மில்லிங் மெஷின். பிஸ்டன் பின் துளையைப் பிடிமானமாக வைத்து ஒரு ஃபிக்ஸ்ச்சர் செய்துகொள்ள வேண்டும். பிஸ்டனின் பக்கவாட்டை வைஸில் நெருக்கினால் வட்டம் கெட்டுவிடும். வால்வு எந்தக் கோணத்தில் சாய்ந்து வருகிறதோ அதே கோணத்துக்கு பிஸ்டனைச் சாய்க்க வேண்டும். ஹெட்டின் வால்வு கைடுக்குள் ஒரு நேரான ராடு செருகி அந்தக் கோணத்தை அளக்கலாம்.

பாக்கெட்டின் மையத்தைக் குறிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. பழைய வால்வின் தண்டை வெட்டி, முனையைக் கூராக்கி, ஹெட்டைப் பூட்டிய நிலையில் பிஸ்டனை டிடிசியில் நிறுத்தி, கைடு வழியாக அதை இறக்கி மெல்லத் தட்டினால் பிஸ்டனில் புள்ளி விழும். அதுதான் வால்வின் மையக் கோடு பிஸ்டனைத் தொடுகிற இடம்.

கட்டரின் விட்டம், வால்வின் விட்டத்தோடு இரண்டு பக்கமும் 1.25 சேர்த்து. வால்வு 24 மி.மீ. என்றால் கட்டர் 26.5. ஃப்ளை கட்டர் போதும். ஆனால் அதன் மூலை கூராக இருக்கக் கூடாது, சின்ன வளைவு கொடுத்துத் தீட்ட வேண்டும். பாக்கெட்டின் அடிமூலையில் கூரான கோடு விழுந்தால் விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். மண்ணெண்ணெய் விட்டுக்கொண்டு, ஒரு தடவைக்கு 0.2, 0.3 என்று இறக்கினால் அலுமினியம் கட்டரில் ஒட்டாது.

ஆழத்தில் ஒரு சின்னக் குழப்பம் வரும். டயல் கேஜில் அளந்த 1.3, வால்வு நகரும் திசையில் அளந்தது. சாய்த்து வைத்த பிஸ்டனில் கட்டரும் அதே திசையில்தான் இறங்குகிறது. அதனால் 1.3 என்றால் 1.3தான். ஆனால் கேஸ்கட், ஹெட் மட்டம் தட்டுவது இதெல்லாம் சிலிண்டரின் நேர்த்திசையில் மாறுபவை. வால்வு 30 டிகிரி சாய்ந்திருந்தால், 1 மி.மீ. கேஸ்கட் கனம் வால்வின் திசையில் 0.87 மி.மீ.தான். இரண்டையும் கலந்து கூட்டக் கூடாது.

மில்லிங் மெஷின் இல்லாத இடத்தில், வால்வு தண்டு மாதிரியே தண்டு உள்ள கட்டரை வால்வு கைடு வழியாக விட்டு, டிரில் மெஷினால் சுழற்றி, பிஸ்டன் எஞ்சினுக்குள் இருக்கும்போதே வெட்டுகிற வழியும் இருக்கிறது. கோணமும் மையமும் தானாகச் சரியாக அமையும் என்பது அதன் நன்மை. பொடி எல்லாம் ரிங் பக்கம் இறங்கும் என்பது கெடுதல். சிலிண்டர் சுவருக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் கிரீஸ் அடைத்து வெட்டினாலும், முடிந்ததும் பிஸ்டனை வெளியே எடுத்துக் கழுவாமல் விடக் கூடாது. எப்படியும் வெளியே எடுக்கத்தான் போகிறோம் என்றால், முதலிலேயே எடுத்து மில்லிங்கில் வெட்டலாமே என்பதுதான் என் கட்சி.

வெட்டிய பிறகு

பாக்கெட்டின் மேல் ஓரம் கத்தி மாதிரி இருக்கும். அந்த ஓரம் எரிகிற அறையில் பழுத்துச் சிவந்து, ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவையைப் பற்றவைக்கும். மெல்லிய அரத்தாலும் எமரித் தாளாலும் வழவழப்பாக உருட்டிவிட வேண்டும். பிறகு கழுவி, காற்றடித்து, ரிங் பள்ளத்தில் பொடி இல்லை என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது கம்ப்ரெஷன் கணக்கு. 57 மி.மீ. போர், 58 மி.மீ. ஸ்ட்ரோக் என்றால் கொள்ளளவு 148 சி.சி. கம்ப்ரெஷன் 9.5:1 என்றால் எரிகிற அறை 17.4 சி.சி. பாக்கெட்டில் போனது எவ்வளவு என்று பியூரெட்டில் எண்ணெய் விட்டு அளந்தோம், 0.5 சி.சி. அறை இப்போது 17.9. கம்ப்ரெஷன் 9.27:1. அரை சி.சி.க்குக் கால் பாயிண்டுக்குக் கொஞ்சம் குறைவாகப் போய்விட்டது.

"அப்போ ஹெட்டுல 0.2 எடுத்துட்டா சரியாயிருமே" என்றார் தம்பி. கணக்கு சரிதான். 57 மி.மீ. போரில் 0.2 மி.மீ. என்பது 0.51 சி.சி. போனது முழுக்கத் திரும்பி வரும். ஆனால் ஹெட் 0.2 இறங்கினால் எக்ஸாஸ்ட் இடைவெளியும் கிட்டத்தட்ட அவ்வளவு போகும், காம் கிட்டத்தட்ட ஒரு கிராங்க் டிகிரி பின்தங்கும், இன்டேக்கில் மிச்சம் இருந்த 0.1-உம் போய், அங்கேயும் வெட்ட வேண்டி வரும். வெட்டினால் மறுபடி கம்ப்ரெஷன் குறையும். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை கதைதான். கால் பாயிண்டை விட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். புதுக் காம் மேல் ஆர்.பி.எம்.மில் தருவதற்கு முன்னால் அது பெரிய இழப்பில்லை.

எடை 1.4 கிராம் வாக்கில் குறையும். ஒற்றை சிலிண்டரில் இது பெரிதில்லை. நாலு சிலிண்டர் என்றால் நாலு பிஸ்டனையும் தராசில் வைத்துச் சமமாக்க வேண்டும்.

கடைசியாக, மறுபடி க்ளே, மறுபடி டயல் கேஜ். வெட்டிவிட்டோம் என்பது அளந்துவிட்டோம் என்பதற்குச் சமம் இல்லை.

பாக்கெட் காப்பாற்றாத இடங்கள்

பாக்கெட் வெட்டிவிட்டால் இனி மோதவே மோதாது என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது சரியில்லை.

செயின் ஒரு பல் தாண்டினால் என்ன ஆகும்? காம் ஸ்ப்ராக்கெட்டில் 34 பல் என்றால், ஒரு பல் காமில் 10.6 டிகிரி, கிராங்க்கில் 21 டிகிரி. நாம் விட்ட 2.5 மி.மீ. அதைத் தாங்கும் என்று உத்தரவாதம் இல்லை. செயின் அறுந்தால் வால்வு முழுசாகத் திறந்தபடி நின்றுவிடலாம். 8 மி.மீ. லிஃப்ட் உள்ள வால்வுக்கு அப்போதும் இடம் விட வேண்டும் என்றால், 6.8 மி.மீ. கனமுள்ள பிஸ்டன் தலையில் எங்கே போய் வெட்டுவது? சில எஞ்சின்களில் பெல்ட் அறுந்தாலும் வால்வு மோதாது என்பது உண்மை. அவை ஆரம்பத்திலிருந்தே அப்படி வடிவமைக்கப்பட்டவை. பாக்கெட் வெட்டி ஒரு எஞ்சினை அப்படி மாற்ற முடியாது.

அடுத்தது ஸ்ப்ரிங். வால்வைத் திருப்பி மூடுவதற்குத் தேவையான விசை, ஆர்.பி.எம்.மின் வர்க்கத்தில் ஏறுகிறது. ரெவ் லிமிட்டர் இருக்கிறதே என்பார்கள். லிமிட்டர் ஸ்பார்க்கையோ பெட்ரோலையோதான் நிறுத்தும். வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது தவறி இரண்டு கியர் கீழே போட்டு கிளட்சை விட்டால், சக்கரம் எஞ்சினைச் சுற்றும். 9,000இல் இருந்த எஞ்சின் ஒன்றரை மடங்கு, 13,500க்குப் போகும். தேவைப்படும் ஸ்ப்ரிங் விசை 2.25 மடங்கு. அவ்வளவு விசை எந்த சாதா ஸ்ப்ரிங்கிலும் இல்லை. இந்தத் தலைவலியைத் தீர்க்கத்தான் டுகாட்டி ஸ்ப்ரிங்கை நம்பாமல் வால்வை இயந்திர முறையிலேயே இழுத்து மூடும் டெஸ்மோ அமைப்பை வைத்திருக்கிறது. ஃபார்முலா ஒன்னில் ரெனோ 1986இல் காற்றழுத்த ஸ்ப்ரிங்கைக் கொண்டுவந்ததும் இதற்காகத்தான். நம் 150 சி.சி.க்கு அந்த வசதி இல்லை. காமோடு சேர்த்து அதற்குப் பொருத்தமான ஸ்ப்ரிங்கும் வாங்க வேண்டும், கால் கவனமாக இருக்க வேண்டும்.

மோதினால் வளைந்த வால்வு, உடைந்த பிஸ்டன், பணம் போச்சு என்று முடிந்தால் பரவாயில்லை. வால்வின் தலை துண்டாகி உள்ளே விழுந்தால் எஞ்சின் இறுகி, பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். டிராக்கின் வளைவில், பின்னால் பத்துப் பேர் வந்துகொண்டிருக்கும்போது அது நடந்தால் விழுவது ஒருவர் மட்டுமாக இருக்காது. ரோட்டில் ஓட்டுகிற வண்டிக்கு இந்த வேலையே வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

எனவே லேத் பட்டறைக்குப் போகும்போது "பாக்கெட் வெட்டிக் குடுங்க" என்று மட்டும் சொல்லாதீங்க. ஒரு தாளில் இவ்வளவும் எழுதிக் கொண்டுபோங்க: எந்த வால்வு, எந்தக் கோணம், கட்டர் விட்டம், எவ்வளவு ஆழம், வெட்டிய பிறகு எவ்வளவு கனம் மிச்சம் இருக்க வேண்டும், மூலையில் எவ்வளவு வளைவு. மில்லிங் பிடிக்கிறவர் நல்ல கைக்காரராக இருந்தால் அந்தத் தாளைப் பார்த்ததும் சந்தோஷப்படுவார். "இதெல்லாம் எதுக்கு, நான் பாத்து எடுத்துர்றேன்" என்றால், பிஸ்டனை வாங்கிக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போய்விடுங்க.